ஒரே நிறச் சட்டை

அம்மா படுத்த படுக்கை. "கண்ணை மூடறதுக்குள்ள உங்க ரெண்டு பேரையும் ஒரே நிறச் சட்டையில பாக்கணும்டி" என்பாள். ஹாக்கியில் மூத்தவள் சிவப்பு அணி, இளையவள் நீல அணி.

மூத்தவள் யாரிடமும் மூச்சுவிடாமல் தன் அணி மேலாளரிடம் போய் நின்றாள். "என்னை நீல அணிக்கு மாத்திவிடுங்க சார். காரணம் மட்டும் கேக்காதீங்க."

பத்தே நாளில் அவர் கூப்பிட்டார்.

"உன் முழங்கால் ஸ்கேனைப் பாத்து நீல அணிக்காரங்க முதல்ல யோசிச்சாங்க. அப்புறம் ஒருத்திக்கு ஒருத்தின்னு மாத்திக்கிறதா முடிஞ்சுது. நமக்கு வர்ற பொண்ணு உன்னைவிட வேகம், வயசும் கம்மி. பேரை நாளைக்குத்தான் அறிவிப்போம்."

அந்தக் குத்தல் அவளுக்கு உறைக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டு, நீலச் சட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

வாசலிலேயே தங்கையின் குரல் கேட்டது.

"பாரும்மா, சிவப்புச் சட்டை! கெஞ்சிக் கூத்தாடி மாறிட்டேன். இனிமே நானும் அக்காவும் ஒரே அணி!"

எத்தனையோ நாளைக்கு அப்புறம் அம்மா சிரித்தாள்.

மூத்தவள் நீலச் சட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.