மஞ்சளாகத் தெரிந்த வயல்

செயற்கைக்கோள் படத்தில் செய்யூர் வயல்கள் எல்லாம் பச்சையாக இருக்க, ஒன்று மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. அது ஜெனிஃபரின் அப்பா ராஜேந்திரன் பயிரிட்ட வயல்.

பயிர் விளைச்சலைக் கணிக்கும் தன் நாவலூர் அலுவலகத்திலிருந்து அவரைப் போனில் அழைத்தாள். “கம்ப்யூட்டர் கணக்குல உன் வெளைச்சல் பாதிதாம்பா வருது.”

“பயிரு ஜோராக் கீது. இப்பக்கூட வரப்புலதான் நின்னுகினு கீறேன்.”

கணக்குதான் தவறு என்று நம்பி, திருத்துவதற்காக மறுநாள் அவளே நேரில் போனாள். வயல் வெடித்துக் கிடந்தது.

பதறி வீட்டுக்கு ஓடினாள். அப்பா கட்டிலில் அசையாமல் படுத்திருந்தார்.

“மோட்டார் கொட்டாயில வழுக்கி வுழுந்து இடுப்பு ஒடைஞ்சிபோச்சு. ஒரு மாசமாவுது,” என்றாள் அம்மா மேரி. “உன்னை வேலையில நிரந்தரம் பண்ற நேரம், நீ லீவு போட்டுட்டு வந்துடுவேன்னு அவருதான் சொல்ல வுடல. தெனம் உன்கிட்ட பேசி முடிச்சதும் அழுவாரு.”