கங்கவ்வா தின்ற மாத்திரை

"எங்க கங்கிக்கு நீங்க குடுத்தது மருந்தா, வெறும் மாவா? அத மட்டும் சொல்லுங்க தாயி."

நாற்காலியில் உட்காராமலே கேட்டார் கல்லப்பா. கதக்கிலிருந்து முதல் பஸ் பிடித்து தார்வாட் வந்திருந்தார். வெள்ளைக் குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

ஆஸ்பத்திரியின் மருந்து ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கும் சுனந்தா, கணினியில் கங்கவ்வாவின் நோயாளி எண்ணைத் தட்டினாள்.

பாதி நோயாளிகளுக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று தின்கிறவருக்கும் தெரியாது, எடுத்துக் கொடுக்கிற சுனந்தாவுக்கும் தெரியாது. இரண்டு வருட ஆய்வு போன வாரம்தான் முடிந்திருந்தது. மருந்து வேலை செய்ததா இல்லையா என்ற முடிவு வர இன்னும் பல மாதங்கள் ஆகும். ஆனால் அவரவருக்குக் கிடைத்தது எது என்று கேட்டால் சொல்லலாம்.

திரையில் வந்தது. மருந்து.



கால் தள்ளாடி, நாக்குக் குழறிப்போகிற நோய் கங்கவ்வாவுக்கு. அவள் அம்மாவுக்கும் இருந்ததுதான். மாதம் ஒருமுறை அவளை வராந்தாவின் வெள்ளைக் கோட்டின் மேல் நடக்கவிட்டு, எத்தனை நொடி என்று எழுதுவது சுனந்தாவின் வேலை. முதல் மாதம் பதினொரு நொடி. எட்டாம் மாதமும் கூடாமல் அதே பதினொரு நொடி.

"ஓட்டப் பந்தயத்துல சேத்து விடப் போறியாடி?" என்று கங்கவ்வா மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பாள்.

ஒன்பதாம் மாதம் கல்லப்பா மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். ஒன்றை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாராம். இனித்ததாம். சர்க்கரையைத் தின்னவா இவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மாதாமாதம் அலைகிறேன் என்று கத்தினார். கங்கவ்வா கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, விலகல் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

விலகுகிறவர்களை வற்புறுத்தக் கூடாது என்பது விதி. சுனந்தா வற்புறுத்தவில்லை.

ஆறே மாதத்தில் கங்கவ்வா படுக்கையில் விழுந்தாள். நாகபஞ்சமிக்கு முந்தைய வாரம், சோறு புரையேறி நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போனாள்.

இப்போது அவள் புருஷன் எதிரே நிற்கிறார். குல்லாயின் விளிம்பை விரல்கள் திருகிக்கொண்டே இருக்கின்றன.

பன்னிரண்டு வருட வேலையில் சுனந்தா ஒரு நொடியைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை.

"மாவுதான் அண்ணா," என்றாள். "நீங்க நிறுத்துனதுல தப்பே இல்ல."

கல்லப்பா நீளமாக மூச்சு விட்டார். குல்லாயைத் தலையில் வைத்துக்கொண்டார். சுனந்தாவுக்கும் மனசு லேசானது.

"நல்லதாப் போச்சு. அப்ப அந்த எட்டு மாசம் அவ திடமா நடந்தது தானா நடந்ததுதான். உங்க மருந்தால இல்ல." வாசல் பக்கம் நகர்ந்தபடியே பேசினார். "எம் பொண்ணு சிவலீலாவுக்கும் கால் தள்ளாட ஆரம்பிச்சிருச்சு தாயி. உங்க அடுத்த ஆய்வுல சேக்கலாமான்னு பாக்கத்தான் இதக் கேட்டேன். கீழ ஆட்டோவுல இருக்கா, ரெண்டு மாடி ஏற முடியல. சும்மா எதுக்கு அவளையும் அலையவிடணும்? வரேன்."

சுனந்தா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"அண்ணா, நில்லுங்க! மருந்துதான். கங்கவ்வாவுக்குக் குடுத்தது நெசமான மருந்துதான். நீங்க ஒடஞ்சு போயிருவீங்கன்னு மாத்திச் சொல்லிட்டேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. அவள் தலைக்கு மேலே, சுவரில், புது ஆய்வுக்கு ஆள் தேவை என்ற நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அவர் அதை நிதானமாக ஒரு முறை படித்தார்.

"ஆள் கொறையுதா தாயி?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஓர் எண், பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு சொல். அவர் கிட்டே வரவில்லை. ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கினார். அவள் பின்னாலேயே ஓடி வாசலுக்கு வருவதற்குள் ஆட்டோ போய்விட்டது.

அதன் பிறகு ஏழு முறை போன் செய்தாள். ஏழு முறையும் கல்லப்பாதான் எடுத்தார். மரியாதையாகப் பேசினார். பொண்ணு நல்லா இருக்கா என்றார்.

ஆள் சேர்ப்பதை நிறுத்தி நோட்டீஸைக் கிழித்த பிறகும் ஒரு முறை கூப்பிட்டாள், எதற்கென்று தெரியாமலே. அன்றைக்கு எடுத்தது சிவலீலா.

"சுனந்தா அக்காவா? அப்பா சொல்லியிருக்காரு. எங்கம்மாவுக்குக் குடுத்தது மாவுதான்னு மறைக்காமச் சொன்னவங்க நீங்கதானே? யாருக்கு அந்த மனசு வரும்?"

அந்த நான்கு வாக்கியங்களைக் குழறிக் குழறிச் சொல்லி முடிக்க சிவலீலாவுக்கு வெகு நேரம் பிடித்தது.