லூசாக ஒரு வயர்

கிட்டே வாருங்கள் கண்மணிகளே, ஒரு கப்பல் கதை சொல்கிறேன். அந்தக் கிழட்டு ஆராய்ச்சிக் கப்பலுக்கு ரேடார், ஜிபிஎஸ், சாட்டிலைட் போன் எல்லாம் புதிதாகப் பொருத்தியாயிற்று.

கேப்டனம்மா மெக்கானிக்கின் காதில் கிசுகிசுத்தாள்.

“தம்பி, போன்ல ஒரு வயரை லூசா விட்டுடுப்பா. கடல்ல இருக்கற மூணு மாசந்தான் எனக்கு நிம்மதி. இனி நடுக்கடல்லயும் உப்பு டப்பா எங்கேன்னு வீட்டுக்காரர் உயிரை எடுப்பாரு.”

“காலைல டெஸ்டுக்கு உங்க வீட்டுக்குத்தான் போன் போட்டேன் மேடம். சாரும் இதையேதான் கெஞ்சினாரு.”

“அவருக்கென்ன கேடு?”

“மணிக்கொரு தடவை கேஸை மூடினீங்களான்னு கேப்பீங்களாம்.”

“நானா?”

கேப்டனம்மா போனைப் பிடுங்கி வீட்டுக்கு அடித்தாள். “ஏங்க, ஊரெல்லாம் என் மானத்தை வாங்கறீங்களா? சரி, அது கிடக்கட்டும். கேஸை மூடினீங்களா?”

உங்கள் வீட்டிலும் இப்படிக் கேட்க ஓர் ஆள் என்றென்றும் இருக்கட்டும்.