ஜெயித்தவருக்குத் தேத்தண்ணி

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை மதியம். குன்னூர் எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டின் ஒற்றைச் சன்னல் வழியே வந்த வெயில் சதுரங்கப் பலகையில் பாதியை மஞ்சளாக்கியிருக்கிறது. பலகையே தானாக ஆடும் மெஷின், அதன் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு விடாமல் மினுக்குகிறது. அருவங்காடு ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஹரிதாஸ், சிங்கப்பூர் மச்சான் வாங்கி வந்த அந்த மெஷினைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மெஷினுக்கு எதிரே ஆடுவது செல்லையா. மூலையில் மாட்டிக்கொண்ட தன் ராஜாவை விரலால் மெல்லச் சாய்த்து, தோற்றதை ஒப்புக்கொண்டு சிரிக்கிறார். “இம்புட்டு நல்லா ஆடுதே சார், இதுக்கு அந்த கிராண்ட்மாஸ்டர் பட்டம் குடுக்க மாட்டாங்களா?” “அதெப்படிங்க? பட்டம் மனுசனுக்குத்தானுங்க. மெஷின் எத்தனை ஜெயிச்சாலும் சேத்துக்க மாட்டாங்க.” செல்லையாவின் சிரிப்பு நின்றுவிடுகிறது. சிலோன் தோட்டத்தில் பிறந்து, அந்த ஊர்க்காரன் இல்லை என்று கப்பலேற்றப்பட்டவர் அவர். இங்கே வந்தும் எல்லோருக்கும் சிலோன்காரர். “பொறப்பையா பாக்குறது? ஆட்டத்தைப் பாக்க வேணாமா?” அடுப்படியிலிருந்து அவர் மனைவி தெய்வம்மா திரும்பிப் பார்க்கிறாள்.

கடல் தாண்டி வந்தும் இந்த வீட்டில் மாறாத வழக்கம், தோற்றவர் ஜெயித்தவருக்குத் தேத்தண்ணி போட்டுத் தருவது. செல்லையா எழுந்து போய், இஞ்சி தட்டிப் போட்டு, நுரை பொங்க ஆற்றிய கிளாஸைக் கொண்டுவந்து பலகையருகே வைக்கிறார். ஆவி சிவப்பு விளக்கை மறைத்து மறைத்துக் காட்டுகிறது. ஹரிதாஸ் சிரித்தபடி கிளாஸுக்குக் கையை நீட்டுகிறார்.

“இருங்க சார், ஒங்களுக்கு நான் ஊத்தித் தாறேன்,” என்கிறாள் தெய்வம்மா. “அது ஜெயிச்சவங்களுக்கு.”