நல்ல ஸ்பிரிங்குக்குத் துரு

கோரா தன் தம்பி டெல்பெர்ட்டின் ஷெட்டுக்குள் நுழைந்தபோது அவன் நல்ல ஸ்பிரிங்குக்குத் துரு ஏற்றிக்கொண்டிருந்தான்.

அவளால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. பழைய தகரத் தட்டில் இரண்டு ஸ்பிரிங். மேலே வினிகர், ஒரு கை உப்பு, போதாததற்குக் காயம் கழுவுகிற மருந்து வேறு. நுரை பொங்கப் பொங்க இரும்பு ஆரஞ்சு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் அவள் கணவர் வெர்லினின் புல்வெட்டி வண்டி. ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற ரகம். சீட்டைத் தூக்கிக் கவிழ்த்து வைத்திருந்தான்.

"டேய்! என்னடா பண்றே?"

டெல்பெர்ட் திடுக்கிட்டுத் திரும்பியதில் உப்பு டப்பா உருண்டது.

"அக்கா! கதவைத் தட்டிட்டு வரக்கூடாதா?"

"தட்டிட்டு வந்திருந்தா இந்தக் கூத்தைப் பார்த்திருப்பேனா? துருவை எடுத்துக் குடுன்னுதானே வண்டியைக் குடுத்தோம்?"

டெல்பெர்ட் கேட்காமலே உதவிக்கு ஓடி வருவான். வாங்கிப்போன ஏணியை மட்டும் திருப்பித் தர மாட்டான். அக்காவுக்கு அவன்மேல் பாதிதான் நம்பிக்கை.

வெர்லின் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாகப் புல் வெட்டத்தான் கிளம்பினார். வண்டி நாலடி போய் நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினார். மறுபடி நின்றது. "பனிக்காலம் பூரா வெளியில கிடந்துச்சுல்ல, துருதான்" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

டெல்பெர்ட் கொண்டுபோனான். அடித்தகட்டில் துரு தின்ற ஓட்டையை வெட்டி எடுத்து, இரும்புத் துண்டு வைத்துப் பற்றவைத்து, தேய்த்துப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தான். வெர்லின் ஏறினார். நாலடியில் நின்றது. திரும்பவும் தள்ளிக்கொண்டு போனான்.

அதற்குள் புல் முழங்காலைத் தொட்டுவிட்டது. அமெரிக்காவின் அயோவாவில் எங்கள் ஊர் மாதிரி இடத்தில் புல் வளர்ந்த வீட்டைப் பார்த்தால், உள்ளே யாரோ பிழைக்க மாட்டார் என்று ஊரே முடிவுகட்டிவிடும். சர்ச்சிலிருந்து நாலு பேர் வெட்டித் தர வந்தார்கள். வெர்லின் வாசலிலேயே மறித்துவிட்டார்.

"என் புல்லை நான் வெட்டுவேன். முடியாத அன்னிக்கு நானே சொல்றேன், வந்து என்னையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போங்க."

அன்றிலிருந்து ஜன்னலோரம்தான். சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வந்தது. தம்பியைத் தாஜா பண்ணி வேலையை முடுக்கத்தான் கோரா இன்று ஆப்பிள் கேக்கோடு வந்திருந்தாள். வந்த இடத்தில் இந்தக் காட்சி.

"நீயெல்லாம் மனுஷனாடா? இந்த வண்டி ஓடலைன்னா அந்த மனுஷன் எழுந்திருக்கவே மாட்டாரு. நல்லா இருக்கிறதைக் கெடுக்கிறியே! எங்களைப் புதுசு வாங்க வச்சு இதை அமுக்கிக்கலாம்னு திட்டமா?"

டெல்பெர்ட் கவிழ்ந்திருந்த சீட்டைக் காட்டினான். "கத்தாதேக்கா. இங்க பாரு, இந்தக் கறுப்புப் பொத்தான். ஆள் உட்கார்ந்தா சீட்டு இறங்கி இதை அமுக்கும். தவறி விழுந்துட்டா ஸ்பிரிங் சீட்டைத் தூக்கிடும், இன்ஜின் நின்னுடும். கைகால் பிளேடுல மாட்டக்கூடாதுல்ல?"

"சரி, அது கெட்டுப்போச்சா?"

"ஒண்ணும் கெடலை. நான் ஏறினா ஜம்முனு ஓடுது. தெருவையே ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன்."

"அப்போ அவரு ஏறினா மட்டும் ஏன்டா நிக்குது?"

டெல்பெர்ட் அந்தப் பொத்தானை விரலால் அமுக்கி விட்டான். "மாமா உட்கார்ந்துதான்க்கா இருக்காரு. ஆனா யாருமே உட்காரலைன்னு வண்டி நினைக்குது."

கோரா கேக் தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு அதையே பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக் கொடுத்தவளே அவள்தான். ஆனாலும் இவ்வளவா? ஒரு ஸ்பிரிங்கை அமுக்கக்கூட அவரிடம் உடம்பில்லையா?

"இளகின ஸ்பிரிங்கா மாத்திட்டேன்க்கா, இனி நிக்காது. ஆனா கழட்டின சாமானைக் கண்ணால பார்க்காம மாமா விடுவாரா? துரு இல்லாம பளபளன்னு இதைக் காட்டினா, கோளாறு தன் உடம்புலதான்னு அவருக்குப் புரிஞ்சிடும். அப்புறம் வண்டிப் பக்கமே வர மாட்டாரு."

வெளியே கைத்தடிச் சத்தம். பொறுக்க முடியாமல் வெர்லினே வந்துவிட்டார்.

"என்ன மாப்ளே, என் வண்டிக்கு உயிர் இருக்கா இல்லையா?"

கோராதான் முந்திக்கொண்டாள்.

"வாங்க, வந்து இந்த அழகைப் பாருங்க! எண்ணெய் விடுங்க, எண்ணெய் விடுங்கன்னு கத்தினேனே, கேட்டீங்களா? எப்படித் துருப்பிடிச்சிருக்கு பாருங்க!"

வெர்லின் ஒரு ஸ்பிரிங்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விரலில் ஆரஞ்சுக் கறை ஈரமாக ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனார். வினிகர் நெடி. உருண்டு கிடந்த உப்பு டப்பாவைப் பார்த்தார், கவிழ்ந்த சீட்டைப் பார்த்தார், மனைவியின் கண்ணைப் பார்த்தார்.

ஸ்பிரிங்கைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"ஆமா, துருதான்" என்றார். "பாழாப்போன துரு."

கோரா மேஜையை விட்டுக் கையை எடுத்தாள்.

வெர்லின் அங்கிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோரா, அந்தக் கேக்குல ஒரு துண்டு வெட்டு. பெரிசாவே வெட்டு. வண்டியில உட்கார்றவன் கொஞ்சமாவது கனமா இருக்கணும்ல?"