டீச்சரம்மாவின் புதர்

"வேரோட எடுக்காம மேலாக்க வெட்டிட்டுப் போனா, திரும்ப வளராம என்ன செய்யும்? தனியா இருக்காங்கன்னு என் அத்தையை ஏமாத்துறியா?"

டீச்சரம்மாவின் அண்ணன் மகன் போட்ட சத்தம், மதிலுக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எங்கள் காதையும் துளைத்தது. காய்ந்த துணியைத்தான் மறுபடி காயப்போட்டோம் என்பது வேறு விஷயம்.

ஊர்க்கோடியில் மூன்று ஏக்கர். நடுவே ஒரு வீடு. அதில் ரிடையரான டீச்சரம்மா மட்டும். வெட்டுக்காரர் மாதம் இரண்டு முறை வந்து புதரை வெட்டுவார். கொளுத்தும் கோடையிலும் அது மறுபடி முழங்கால் உயரத்துக்கு வந்து நிற்கும்.

"ஆமா தம்பி, என் தப்புதான்" என்றார் வெட்டுக்காரர்.

"இனிமே நீ வரவேணாம். நாளைக்கு மெஷின் வருது!"

கார் கிளம்பிப் போனது. வெட்டுக்காரர் மதிலோரம் வந்து நின்று அரிவாளைத் துடைத்தார்.

"டீச்சர், புதருக்குள்ள ஹோஸ் பைப் கிடக்கு. மெஷின்ல சிக்கிடும். சுருட்டி உள்ள வெச்சிடுங்க."

டீச்சரம்மாவின் முகம் வெளிறியது. "நான் தண்ணி விடுறது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் மாசமே. அதான் வேரை விட்டுட்டு வெட்டினேன். என் வீட்லயும் பேச ஆளில்ல."

மெஷின் ஒரே நாளில் எல்லாவற்றையும் வழித்தெடுத்தது. அண்ணன் மகன் கல்யாணம் முடித்து வெளிநாடு போய்விட்டார். வெட்டுக்காரரை அவர் மகள் தன் ஊருக்கே அழைத்துப் போய்விட்டாள்.

டீச்சரம்மா இன்னமும் தினமும் காலையில் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விடுகிறார். நாங்கள் மதிலோரம் நின்று, காய்ந்த துணியைக் காயப்போடுகிறோம்.