சோபா இருந்த இடம்

அம்மாவைக் கிடத்துவதற்காக அன்று ஹாலில் இருந்த எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பூங்கோதையும் தம்பி செழியனும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார்கள். சோபா எப்போதும் கிடந்தது நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே. அம்மாவைக் கிடத்திய ஐஸ் பெட்டியையும் அங்கேதான் வைத்திருந்தார்கள்.

“அங்க வேணாம்டா. ஜன்னல் வெளிச்சம் கண்ணுல அடிக்கும்” என்றாள் பூங்கோதை. சோபா சுவரோரம் போனது. டீப்பாயை நடுவில் வைக்கக் குனிந்த செழியன், “நடக்க வழி வேணும்ல” என்று தானாகவே சொல்லிக்கொண்டு அதையும் ஒதுக்கினான். நாற்காலிகளும் அலமாரியும் துக்கம் கேட்க வந்தவர்களைப்போலச் சுவரை ஒட்டி நின்றன. நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு வெறும் தரை. ஃபேன் ஓடியும் வியர்வை வழிய, இருவரும் அதைச் சுற்றிக்கொண்டே நடந்தார்கள்.

அப்பா அறையிலிருந்து வெளியே வந்து பார்த்தார்.

“என்னடா இது, கல்யாண மண்டபம் மாதிரி? உங்கம்மா பாத்தா சும்மா விடுவாளா?”

சோபாவின் ஒரு முனையை அவரே பிடித்தார். செழியன் மறுமுனையைத் தூக்கினான். நடுவுக்கு வந்ததும் அப்பா இறக்கி வைக்காமல் அப்படியே நின்றார்.

“வேணாம். அங்கயே போட்டுரு.”

சோபா மறுபடியும் சுவரோரம் போனது. அப்பா வந்து அந்த வெறும் தரையில் மெல்ல உட்கார்ந்தார். உள்ளங்கையால் டைல்ஸைத் தடவிப் பார்த்தார்.

“பூங்கோதை, ஃபேன நிறுத்தும்மா. தரை இன்னும் சில்லுனு இருக்கு.”